சிங்கப்பூரில் வாங்கிய கரை

ஏரியில் இறால் பிடிக்க இறங்கும் பெண்கள் நாங்கள் காலைத் தூக்கி வைக்க மாட்டோம். சேற்றோடு தேய்த்துக்கொண்டே நகர்வோம். அடியில் திருக்கை மீன் படுத்திருக்கும். தேய்த்துப் போனால் அது தானாக விலகிவிடும். தூக்கி மிதித்தாலோ வாலைச் சுழற்றிக் குத்தும்; அப்புறம் மூன்று நாளைக்குக் காலும் நம்முடையதல்ல, தூக்கமும் நம்முடையதல்ல. பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் பிறந்த பெண்ணுக்கு இது நடை பழகும்போதே வந்துவிடும். தரையிலும் நான் அப்படித்தான் நடப்பேன். அந்த நடையை வைத்துக்கொண்டு நான் விமானம் ஏறிப்போன கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சொல்வது நான், எல்லம்மா. எழுதுவது என் நாத்தனார் சரோஜா, பொன்னேரியில் பள்ளிப் படிப்பை முடித்தவள். "இதையெல்லாமா எழுதணும் அண்ணி?" என்று நடுநடுவே பேனாவை நிறுத்துகிறாள். எழுதுடி என்றால் எழுதுவாள்.

என் கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் யாரும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்ட வேண்டாம். சின்ன வயதிலேயே அந்தி சாய்ந்தால் தடுமாறுவேன். கல்யாணமான பிறகு பகலும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்திரண்டில் நான் சிங்கப்பூர் போனபோது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அப்போது வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் வந்தால் நிழலாட்டம் தெரியும். முகம் தெரியாது. மார்கழிக் காலையில் ஏரிமேல் பனி படர்ந்திருக்குமே, எனக்கு நாள் முழுக்க அப்படித்தான்.

ஆனால் ஏரிக்குள் நான் ராணி. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கழுத்தில் பனையோலைப் பறியைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் பறியில் போட வேண்டும். அந்தக் கலங்கல் தண்ணீருக்கடியில் யாருக்குமே கண் கிடையாது. வீட்டில் நான் கை வைத்தால் சொம்பு உருளும், குழம்பு கவிழும், "நீ உக்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். ஏரியில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. என் பறிதான் முதலில் நிறையும்.

அதற்குத்தான் கண்டம் வந்தது. அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள் தடவிக்கொண்டே போனவள் திசை தப்பி, முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பில் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் மோவாய்க்கு வந்துவிட்டது. கூட வந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அவர்களும் என்னைத் தேடி ஓடிக்கொண்டே கத்தினதால் குரல் இந்தப் பக்கமிருந்தும் வந்தது, அந்தப் பக்கமிருந்தும் வந்தது. எது கரை என்றே தெரியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் படகைத் தள்ளிக்கொண்டு வந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்.

அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம். அன்றைக்கு உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்தாமே. தம்பி கூப்புடறானே, சிங்கப்பூர் போய் கண்ணைக் காட்டினு வா. சரியாச்சுன்னா எறங்கு. ஆவலன்னா தண்ணியில கால வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

என் தம்பி மணி அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். பெரிய கண் டாக்டரைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தான். சிங்கப்பூர் டாக்டருக்கு முடியாததும் உண்டா என்று நான் அந்தக் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

மீனம்பாக்கத்தில் தரை அப்படி ஒரு வழவழப்பு. நான் வழக்கம்போல் காலைத் தேய்த்துக்கொண்டு நாலடி வைத்திருப்பேன், யாரோ ஒரு பெண் டக்டக்கென்று ஓடிவந்தாள்.

"அம்மாவுக்குக் கால்ல என்ன ஆச்சு?"

"கால்ல ஒண்ணியும் இல்லம்மா. கண்ணுதான்."

அவள் நம்பவில்லை. சக்கர நாற்காலி ஒன்று வந்து என் முழங்காலுக்குப் பின்னால் முட்டியது. உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. திருவிழாவில் சாமி போவதுபோல் போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற என் வீட்டுக்காரர், உள்ளே நடந்துபோனவள் உருண்டு போவதைப் பார்த்து, காலை உடைத்துவிட்டார்கள் என்று கண்ணாடியைத் தட்டிக் கலாட்டா செய்தாராம். வழியனுப்ப வந்திருந்த சரோஜா இதைப் பிற்பாடு சொன்னாள்.

விமானத்துக்குள் சன்னலோரம் இடம். ஏறிக் கொஞ்ச நேரத்தில் வலது கன்னத்தில் சூடாக வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கீழே என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலேம்மா. எல்லாம் மேகம்தான்."

"எனக்கு எப்பவுமே அப்படித்தான் சார்" என்றேன். அவர் திடுக்கிட்டு, பிறகு சிரித்துவிட்டார். அந்த உயரத்தில் எல்லோருக்கும் என் கண் வந்துவிட்டதில் எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். படகு அசையாமல் நிற்கும்போது ஏரியில் வருமே ஒரு மயக்கம், அதுபோல் அந்த வெள்ளைக்குள்ளேயே கிடந்தேன்.

அப்போது யாரோ என் உள்ளங்கையில் சூடாக, மெத்தென்று, சுருட்டின ஒன்றை வைத்தார்கள். ஆவி பறந்தது. பசிக்குச் சரியாக வந்தது என்று ஒரு கடி கடித்தேன். துணி! முகம் துடைக்கக் கொடுத்த ஈரத் துண்டு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் துண்டால் சத்தமாக முகத்தைத் துடைத்துக் காட்டினார். நல்ல மனுஷர். சாப்பாடு அதற்கப்புறம்தான் வந்தது. வெள்ளைக் குழம்புக்குள் ஒரு மீன் துண்டு. விரலால் அழுத்திப் பார்த்தேன், முள்ளும் இல்லை, வாசனையும் இல்லை. எந்த ஊர் மீனோ, உயிரோடு இருந்ததையே மறந்துவிட்டிருந்தது. ஊறுகாயைத் தொட்டு ரொட்டியைத் தின்றேன்.

மணியின் வீடு ஒன்பதாவது மாடியில். பெட்டிக்குள் நின்றால் அதுவே தூக்கிக்கொண்டு போகிறது. வயிறு மட்டும் கீழ்த்தளத்திலேயே நின்றுவிடுகிறது. அங்கே காற்றில் கடல் வாசனை இருந்தது, ஆனால் எண்ணெய் கலந்த வாசனை. முதல் இரண்டு நாள் மணி என்னை மீன் சந்தைக்கெல்லாம் கூட்டிப் போனான். ஐஸ் மேல் கிடந்த இறாலைத் தொட்டுப் பார்த்து, "தல கழண்டுகினு கீது, வாங்காதடா" என்றேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, கறுத்துக் கெடக்குது" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கையை இனிமேல் ஏரியில் வைக்க முடியாமல் போகுமா என்று ஒரு பயமும் அப்போதே வந்தது.

மூன்றாம் நாள் டாக்டர். குளுகுளு அறை. கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சினார், மருந்து விட்டார், மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார். பிறகு இங்கிலீஷில் வெகுநேரம் மெல்லப் பேசினார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"இன்னாடா சொன்னாரு?"

"சாப்ட்டுப் பேசலாம்க்கா."

அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பு காய்ந்துகொண்டே வருகிறதாம். மருந்து இல்லையாம். இருக்கிற வெளிச்சமும் போய்விடுமாம். நடுத்தெருவில் நின்று அழுதேன். வெளிச்சத்துக்காக அழவில்லை, அது போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்ததுதானே. ஏரிக்காக அழுதேன். கற்பூரத்தில் அடித்த என் கையை நானே திட்டினேன். மணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகிற வருகிற ஜனம் ஒதுங்கிப் போனது.

ஊர் திரும்பும் நாள் மணி கொஞ்சம் நோட்டுகளை என் கையில் திணித்தான். "உள்ளார கடைங்க இருக்குதுக்கா. புடிச்சதை வாங்கிக்க."

"எனக்கு இன்னா புடிக்கும்னு கடைக்காரனுக்கா தெரியும், போடா."

இந்த விமான நிலையத்திலும் என் நடையைப் பார்த்ததும் நாற்காலி வந்துவிட்டது. தள்ளியவர் வயதான மலாய்க்காரர். அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. ஆனால் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். ஓரிடத்தில் நிறுத்தி, என் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, இங்கேயே இரு என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் இருப்பது? எழுந்து, பக்கத்தில் குரல் கேட்ட ஒரு பெண்ணிடம் கழிப்பறைக்குச் சைகையால் வழி கேட்டு, அவள் கையைப் பிடித்துப் போய்விட்டுத் தனியாக வெளியே வந்தேன். வந்தால் எந்தப் பக்கமும் ஒரே பக்கம். கூரையெல்லாம் விளக்கு, அந்த வெளிச்சம் ஒரு நிழலைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை. காலடியில் ஜமுக்காளம் மாதிரி மெத்தை விரித்திருந்தார்கள். தேய்த்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. ஜனங்களின் பேச்சு நாலா பக்கமும் நகர்ந்துகொண்டே இருந்தது. சட்டென்று மோவாய்க்குத் தண்ணீர் வந்துவிட்ட மாதிரி இருந்தது. முகத்துவாரத்தில் நின்ற அதே நிலை. வாயைத் திறந்து கத்தப்போனேன்.

அப்போதுதான் ஒரு ஆண் குரல் கேட்டது. தமிழில் யாரோ நிறுத்தி நிதானமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். எங்கோ கப்பல் வந்தது, எங்கோ மழை பெய்தது. எனக்கு அது முக்கியமில்லை. அந்தக் குரல் நகரவில்லை! நான் தலையைத் திருப்பினால் காதுதான் மாறியது, குரல் அதே இடத்தில் நின்றது. அதை நோக்கிக் காலைத் தேய்த்துக்கொண்டே போனேன். யார் யாரையோ இடித்தேன். கடைசியில் கை ஒரு கண்ணாடிப் பலகையில் பட்டது.

"என்ன லா ஆன்ட்டி, தனியா வந்தீங்களா?" என்றாள் ஒரு தமிழ்ப் பெண். ரேடியோ, கடிகாரம் விற்கும் கடை அது.

பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்துவாரத்தில் கத்தின பெண்களெல்லாம் நகர்ந்தார்கள், அதனால்தான் அன்றைக்குக் கரை தெரியவில்லை. நகராத ஒரு குரலை ஏரிக்கரையில் நட்டு வைத்துவிட்டால்? கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"இந்தப் பொட்டி ஒண்ணு வேணும்" என்றேன்.

அவள் முதலில் சின்னதாக ஒன்றைக் கையில் வைத்தாள், ரொம்ப அழகாம், சிவப்பு விளக்கெல்லாம் எரியுமாம். விளக்கு எனக்கெதற்கு? அடுத்தது கடிகாரம் வைத்தது. அதுவும் வேண்டாம் என்றேன். "சென்ட் பாருங்க, சாக்லேட் பக்கத்துக் கடையில இருக்கு" என்றாள். "எனக்கு நல்ல தொண்டையா கீற பொட்டி வேணும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே ஐந்தாறு பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பாடவிட்டாள். நாலாவது பெட்டி கனமாக இருந்தது, கடையே அதிரப் பேசியது.

"நீ இதப் புடிச்சினு இங்கியே நில்லு. நகராத. நான் அப்பால போயிட்டு வரேன்."

போனேன். தூரமாகப் போய் நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திரும்பினேன். அந்தச் சமயம் பார்த்து என் மலாய்க்காரர் வந்துவிட்டார். காலி நாற்காலியைப் பார்த்துத் தேடியிருப்பார் போல, கோபமாக ஏதோ சொன்னார். கடைப்பெண் அங்கிருந்தே தமிழில் கத்தினாள்: "கால் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு நாற்காலின்னு கேக்குறாரு ஆன்ட்டி!"

"நானா கேட்டேன்? அவங்களா வச்சாங்க!"

அவள் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, மனுஷரின் கோபம் இறங்கிவிட்டது. பிறகு என் இரண்டு தோளையும் பிடித்து, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். திசையெல்லாம் போயிற்று. காதை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தேன். பெட்டியில் கை பட்டதும் அவர் படபடவென்று கை தட்டினார். அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க முடிந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

விமானத்தில் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. துண்டு வந்தது, கடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ்ஸிலும் ரயிலிலும் ஒன்றும் கேட்கவில்லை. பழவேற்காட்டில் படகு ஏறி, தள்ளுகிற கழி தண்ணீரில் விழுந்த பிறகுதான் கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

"ஆவாதாம்."

கழி நாலு தடவை விழுந்து எழுந்தது. "அப்ப சத்தியம் சத்தியந்தான்" என்றார். நான் பெட்டியைக் காட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "வெளயாட்டு சாமானு" என்றார்.

மூன்று நாள் பசியாவரமே என் வீட்டில் இருந்தது. சிங்கப்பூர் பெட்டி பாடுகிறது என்று காலையில் வந்தவர்கள் விளக்கு வைக்கும் வரை போகவில்லை. எனக்கும் தலைகால் புரியாத பெருமை, வைத்த கையை எடுக்காமல் பாடவிட்டேன். அவர் மட்டும் வாசலில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அவர் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"வூட்ல நான் ஒரு பானை மாரி குந்திகினு கீறேன்யா. ஏரிலதான் நான் மனுஷி. அங்கப் போவாதன்னா என்னை இன்னாத்துக்குத் தூக்கினே அன்னிக்கு?"

சரோஜா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர் வலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாளு. என் கண்ணெதிர்ல. தப்பாப் போச்சுன்னா அப்பால ஏரிப் பேச்சே எடுக்கக் கூடாது."

மறுநாள் காலை. கரையோரம் படகைக் கட்டி, கழியை ஊன்றி, பெட்டியை அவரே அதில் மாட்டினார். பெட்டி பாடியது. நான் பறியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்தக் குளிர், காலடியில் அந்தச் சேறு... அழுகை வந்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது, தண்ணீரில்தானே நிற்கிறேன். காலைத் தேய்த்து, குனிந்து, இரண்டு கையையும் விட்டேன். இறால் துள்ளி விரலில் இடித்தது. இடது காதில் பாட்டு இருந்தால் கரை இடது பக்கம். வலது காதுக்கு வந்தால் திரும்பிவிட்டேன் என்று அர்த்தம். கரையைக் காதில் மாட்டிக்கொண்டு நான் ஆனந்தமாகத் தூரம் போனேன். சுற்றிலும் வெள்ளை, விமானத்தில் பார்த்த அதே வெள்ளை. பறி பாதி நிறைந்தது.

பாட்டு கொஞ்சம் கம்மியது. தூரம் வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று திரும்பினேன். இன்னும் கம்மியது, ஆள் தூங்கி வழிவதுபோல் இழுத்தது. பிறகு நின்றுவிட்டது.

பேட்டரி! மூன்று நாள் ஊரையே உட்கார வைத்துப் பாடவிட்டேனே, பாவி! அந்தத் தீவில் வேறு பேட்டரிக்கு எங்கே போவது? ஏரி மொத்தமும் ஓய்ந்துவிட்டது. தண்ணீர் மார்புக்கு இருந்தது. நான் அசையவில்லை. பயம் தண்ணீருக்காக அல்ல. அவர் இப்போது படகை அவிழ்ப்பார், கழி விழும் சத்தம் கேட்கும், என்னைத் தூக்கிப் போடுவார், அதோடு எல்லாம் முடிந்தது. அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கழி விழவில்லை. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"செய்திகள். வாசிக்கறது ஏகாம்பரம்."

என் வீட்டுக்காரர் குரல்தான், கரையோரத்துப் படகிலிருந்து.

"பசியாவரத்துல இன்னிக்கு வாடைக் காத்து கொறவு. தலையாரி வூட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ள." கொஞ்சம் நின்றது. "எங்க வூட்ல ஒருத்தி சிங்கப்பூர் வரிக்கும் போயி ரேடியோ வாங்கியாந்தா. பேட்டரி வாங்கியாரல."

தூரத்தில் மற்றப் பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. சேதி தீர்ந்துபோனதும் ஆடு மறுபடி குட்டி போட்டது. குரல் நகரவே இல்லை. நான் நேராகக் கரைக்குப் போகவில்லை. திரும்பி, அந்தக் குரலை முதுகில் வாங்கிக்கொண்டு, மிச்சப் பறியையும் நிரப்பினேன். பிறகுதான் காலைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது தடவை ஆடு குட்டி போட்டபோது என் கை படகில் பட்டது. பறியைத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் ஆகி இரண்டு வருஷம். நாங்கள் இறங்குகிற நேரத்துக்கு அவர் படகைக் கரையோரம் கட்டி, அதிலேயே உட்கார்ந்து வலையைப் பிரிக்கிறார், செய்தியும் வாசிக்கிறார். கல்யாணம், காய்ச்சல், யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் வரும். அதைக் கேட்கவே மற்றப் பெண்கள் என்னோடு ஒட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

பொன்னேரியிலிருந்து புதுப் பேட்டரி அந்த வாரமே சரோஜா வாங்கி வந்துவிட்டாள். அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கவே இல்லை என்றுதான் அவரிடம் இன்றுவரை சொல்லி வைத்திருக்கிறோம். இதை எழுதிவிட்டுச் சரோஜா சிரிக்கிறாள். அண்ணனிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவளிடம் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.